விசில் டாக்டர் ஏறிய கார்

விசில் டாக்டருக்கு இந்த உலகத்தில் பிடித்தவர்கள் அத்தனை பேரும் ஐந்து வயதுக்குக் கீழே இருந்தார்கள். ஐந்தாவது பிறந்தநாளைக் கொண்டாடிவிட்ட எவரும் அவருக்கு எதிர்க்கட்சிதான். கலெக்டராகட்டும், கான்ட்ராக்டராகட்டும், காய்ச்சலோடு வந்த குழந்தையின் அப்பாவாகட்டும், எல்லாருக்கும் ஒரே மரியாதை. அந்த மரியாதையைக் கையில் வாங்கியவர்கள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டர்கள் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கும். இவர் கழுத்தில் அதோடு கறுப்புக் கயிற்றில் கோத்த விசில் ஒன்றும் தொங்கியது. வீடு, திருவனந்தபுரம் கோட்டைக்குள் ஓர் அக்ரகாரத் தெருவில். க்ளினிக், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ப்பக்கம். நடுவில் உள்ள ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவும் தேங்காய் உடைக்க வருகிறவர்களுமாக எப்போதும் நெரிசல். ஒருநாள் கைக்குழந்தையோடு ஒரு பெண் அந்த ரோட்டைக் கடக்க முடியாமல் தவிப்பதை க்ளினிக் ஜன்னல் வழியாகப் பார்த்த டாக்டர், பக்கத்துக் கடையில் விசில் வாங்கிக்கொண்டு நேராக நடுரோட்டுக்குப் போய் ஊதினார். பஸ்கள் நின்றன. ஒரு கல்யாண ஊர்வலம் நின்றது. டிராஃபிக் போலீஸ்காரர் பதறி ஓடிவந்து, "எந்தா மேடம் இது?" என்றார். "உம்ம விசில் ரிப்பேர்னு நெனைச்சேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் ரோட்டைக் கடந்தார். அன்றிலிருந்து அவரது சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அவருக்குப் பரம விரோதி டானிக். "டாக்டர், புள்ளைக்குப் பசியே எடுக்கல, ஒரு டானிக் எழுதிக் கொடுங்க" என்று கேட்டவர்கள் பாடு அதோகதிதான். "வெல்லப் பாகுல சாயத்தக் கலந்தா டானிக்! ஆத்துல வெல்லம் இருக்கோல்லியோ? போய்க் கரைச்சுக் குடிங்கோ. ஃபீஸ் வேண்டாம், கெளம்புங்கோ!" என்பார்.

நான் அவரிடம் மாட்டிக்கொண்டது தர்ம காரியத்தில். கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் எனக்கு வேலை. அங்கே பல கம்பெனி ஆட்கள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை நடத்தினார்கள். எல்லாரும் நல்ல மனசுக்காரர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த நல்ல மனசைப் பத்தடி பேனரில் அச்சடித்துக் கட்டாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. வருஷா வருஷம் பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயங்களுக்குப் போய், அங்குள்ள சின்னக் குழந்தைகளுக்கு மருத்துவ முகாம் நடத்துவார்கள். லயம் என்றால் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். எங்கள் பேனரை விரித்தால் அதில் ஒரு வீட்டின் முன்சுவர் மறைந்துவிடும்.

அந்த வருஷம்தான் நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. வழக்கமாக வரும் டாக்டர் வெளிநாடு போய்விட்டதால், யார் யாரையோ கேட்டுக் கடைசியில் விசில் டாக்டரைப் பிடித்துவிட்டார்கள். பிடித்த பிறகுதான் யார் யாரைப் பிடித்தார்கள் என்பது தெரிந்தது.

ஆலோசனைக் கூட்டத்தில் செயலாளர் திரையில் படம் காட்டினார். அலுவலகத்தில் அவர் புராஜெக்ட் மேனேஜர். தர்மத்தையும் அப்படியே நடத்துவார். டி-ஷர்ட், கிரீம் பிஸ்கட், வர்ணம் தீட்டும் புத்தகம், டானிக் என்று வரிசையாக வந்தன.

"புழு மருந்து எங்கே? எடை பாக்கற தராசு எங்கே?" என்றார் டாக்டர்.

"போன வருஷமும் இதேதான் டாக்டர் கொடுத்தோம். ஃபீட்பேக் பிரமாதமா வந்துது."

"யார் சொன்னா?"

"நம்ம வாலண்டியர்ஸ்தான்."

"அடடா! கொடுத்தவாளே பிரமாதம்னு சொல்லிட்டாளா! அப்பறம் வாங்கினவாள எதுக்குக் கேக்கணும்?"

யாருடைய பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை. செயலாளரை அந்த நிமிஷத்திலிருந்து "பேனர்" என்றார். என்னை "சாப்பாடு" என்றார். நான் மரியாதையாக "மாமி" என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். "உங்காத்துல கல்யாணம் ஆயி வந்தேனா நான்?" என்று கேட்டார். அதோடு நான் டாக்டர் என்றே வைத்துக்கொண்டேன்.

முகாம் ஒரு சனிக்கிழமை. வேன் மலை ஏறும்போதே வாலண்டியர்கள் பாட்டுப் பாடி வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள். முன்சீட்டிலிருந்து விசில் பறந்தது. "மதி, மதி! சுத்துலா வந்தவா எறங்கிக்கலாம். வைத்தியத்துக்கு வந்தவா மட்டும் மேல வாங்கோ" என்றார். மதி என்றால் மலையாளத்தில் போதும். டிரைவர் நிஜமாகவே வண்டியை ஓரம் கட்டிவிட்டார். போன்களெல்லாம் பைக்குள் போன பிறகுதான் வண்டி மறுபடி நகர்ந்தது.

லயங்களுக்கு நடுவே இருந்த ஹாலில் குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். டி-ஷர்ட் முதலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. எல்லாம் ஒரே அளவு, எட்டு வயதுப் பையனுக்கு ஆனது. இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு அது பாதிரியார் அங்கி மாதிரி தரையைக் கூட்டியது. நெஞ்சில் இங்கிலீஷில் ஆரோக்கியத்தைப் பற்றி ஒரு வாசகம். முதல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "எத்தனை நாளாடா கண்ணா சளி?" என்று கேட்டார் டாக்டர். குழந்தை ஓவென்று அழுதது. அடுத்ததும் அழுதது.

டாக்டர் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தார். "இதுகளோட அம்மாவெல்லாம் எங்கே?"

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா சொன்னாள்: "கொழுந்து எடுக்கப் போயிருக்காவ டாக்டரம்மா."

"இன்னிக்கு அவாளுக்கு லீவு இல்லியா?"

"ஞாயித்துக்கெழமதானே லீவு. சனிக்கெழம வேல உண்டுல்லா. வராட்டா கூலி போயிரும்."

டாக்டர் மெதுவாகச் செயலாளர் பக்கம் திரும்பினார். செயலாளர், "சாட்டர்டேன்னா வீக்கெண்ட்தானே டாக்டர்..." என்று இழுத்தார்.

"யாருக்கு?"

செயலாளர் கையிலிருந்த அட்டவணையைப் புரட்டினார். கணினியைத் தட்டுகிற நமக்கு வாரத்தில் இரண்டு நாள் லீவு என்பதால் மலைமேல் கொழுந்து கிள்ளுகிறவர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று, இத்தனை படித்த கூட்டம், வருஷா வருஷம் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறது! ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாம் ஓய்வு எடுக்க வேண்டுமே! பேச்சு வராத குழந்தையை அம்மா இல்லாமல் தூக்கி நிறுத்தி, வாயில் டார்ச் அடித்து, கையில் டானிக்கைத் திணித்து, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவது. அதற்குப் பெயர் முகாம்.

"அம்மாமாரெல்லாம் மத்தியானம் எங்க வருவா?" என்று கேட்டார் டாக்டர்.

"கீழ, கொழுந்து எடை போடுத கொட்டகைக்கு."

"தராசத் தூக்குங்கோ! மேசையத் தூக்குங்கோ! சாப்பாடு, உன் அண்டாவத் தூக்கு!"

அப்புறம் நடந்தது ஓர் ஊர்வலம். முன்னால் டாக்டர், பின்னால் அங்கி தடுக்கத் தடுக்கக் குழந்தைகள், அதற்குப் பின்னால் மேசை நாற்காலியோடு என்ஜினீயர்கள். ஆணி அடித்து மாட்டிய பேனரைக் கழற்ற நேரமில்லாமல் மேலேயே விட்டுவிட்டு வந்தார்கள். செயலாளர் மட்டும் குத்துவிளக்கை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

கொட்டகையில் சூப்பர்வைசர் கையை விரித்து மறித்தார். "இவிட பற்றில்லா மேடம். இது கொழுந்து எடை பாக்கற இடம்."

"கொழுந்துக்கு எடை பாக்க எடம் இருக்கு, குழந்தைக்கு எடை பாக்க எடம் இல்லியா?" என்று டாக்டர் கேட்டார். கேட்டுவிட்டு விசிலை வாய்க்குக் கொண்டு போனார். சூப்பர்வைசர் நகர்ந்துகொண்டார்.

அடுத்த தகராறு விளக்கு. சிறப்பு விருந்தினர் வந்து விளக்கேற்றினால்தான் முகாம் தொடங்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். அவர் ஊரில் பெரிய கட்டடக் கம்பெனி முதலாளி. எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. குழந்தைகள் வெயிலில் வாடிக்கொண்டிருந்தன. டாக்டர் என் அடுப்புப் பக்கம் வந்து தீப்பெட்டியை எடுத்தார். ஐந்து திரியையும் பற்றவைத்தார். "தெறந்தாச்சு. ஒண்ணாம் நம்பர் குழந்தை வா" என்று உட்கார்ந்துவிட்டார்.

விருந்தினர் வந்து சேர்ந்தபோது விளக்கு ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டு மறுபடி ஏற்றலாம் என்றால், எரிகிற குத்துவிளக்கை ஊதி அணைக்க எங்களில் ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை. பகுத்தறிவு பேசுகிற ஒரு பையனைக் கேட்டார்கள். அவன் பாத்ரூம் போய்விட்டான். கடைசியில் விருந்தினர் அதில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினார். அதுவே திறப்பு விழா என்று கைதட்டினோம். படம் எடுக்கப்போன வாலண்டியரின் காதருகே விசில் கேட்டது.

மத்தியானம் தாய்மார்கள் முதுகில் கொழுந்து மூட்டையோடு வந்தார்கள். டாக்டருக்கு அப்போதுதான் முகத்தில் வெளிச்சம் வந்தது. என்ன சாப்பிடுகிறது, எப்போது பேதி வந்தது, தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டார். கொட்டகையின் ஒரு பக்கம் விருந்தினரின் பொன்னாடை, மறுபக்கம் டாக்டரின் தராசு என்று இரண்டு கூட்டம் நடந்தது.

திடீரென்று டாக்டர் பேச்சை நிறுத்தினார். கொட்டகைக்கு வெளியே சில பிள்ளைகள் ஓர் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். மூன்று வயதுப் பெண் ஒருத்தி கொஞ்ச தூரம் ஓடுவாள். சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்துகொள்வாள். எழுந்து மறுபடி கொஞ்சம் ஓடுவாள், மறுபடி உட்காருவாள்.

"அது யாரோட குழந்தை?"

ஒரு தாய் முன்னே வந்தாள். "எம் புள்ளதான் டாக்டரம்மா. பேச்சி. அவ ஒரு சோம்பேறி. நாலு எட்டு வச்சா உக்காந்துக்கிடுவா."

"அழறச்சே உதடு எந்த நிறமா ஆறது?"

"நாவப்பழம் தின்னாப்புல ஆயிரும். நேத்து அழுது அழுது கண்ணு சொருகிட்டு. தண்ணி தெளிச்சுத்தான் முழிச்சா."

டாக்டர் குழந்தையை மடியில் இருத்தி நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை. "இதயத்துல கோளாறு. பொறந்ததுலேந்து இருக்கு" என்றார் தாயிடம். "இதுக்கு முன்னாடி யாருமே இவ நெஞ்சுல குழாய் வச்சுப் பாக்கலியா?"

"வருசா வருசம் கேம்பு வருதுல்லா டாக்டரம்மா. டானிக் தருவாவ. நான் ஒரு வேளகூட முடக்காமக் குடுத்தேன். குப்பியெல்லாம் கழுவி அடுக்கி வச்சிருக்கேன், வேணும்னா வந்து பாருங்க."

தான் மருந்து கொடுக்காமல் ஏமாற்றிவிட்டதாக டாக்டர் சந்தேகப்படுகிறார் என்று அவள் நினைத்துவிட்டாள். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. நெஞ்சில் குறையோடு பிறந்த பிள்ளைக்கு வருஷா வருஷம் சாயத் தண்ணீரைக் கொடுத்து, கைதட்டி, அறிக்கை போட்டு, அதற்குச் சேவை என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். அந்தத் தாய் அதை நம்பி, கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டர் எழுந்தார். "இன்னிக்கே கீழ போகணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு."

செயலாளர் ஓடி வந்தார். "ரெஃபர் பண்ணி எழுதிக் கொடுத்துடுங்க டாக்டர். மண்டே அவங்க பஸ்ல போய்க்குவாங்க."

"எந்த பஸ்ல?"

ஆயா குறுக்கிட்டாள்: "பஸ்ஸு காலம்பறயே போச்சு. நாளைக்கு வந்தா வரும்."

"நம்ம வேன்?" என்றேன் நான்.

"நிறைவு விழா முடிஞ்சுதான் வேனை எடுக்க முடியும். அதுதான் ப்ளான்" என்றார் செயலாளர்.

"வழியில இன்னொரு தரம் கண்ணு சொருகித்துன்னா உங்க ப்ளானா மூச்சு விடும்?" என்றார் டாக்டர். செயலாளர் வாட்சைப் பார்த்தார். கொட்டகையில் வண்டி என்று மிச்சம் இருந்தது ஒன்றுதான்: விருந்தினரின் வெள்ளைக் கார்.

விருந்தினர் அப்போது மைக்கில் இருந்தார். மலையாளத்தில் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பிஞ்சுக் குழந்தைகளுக்காக என் உயிரைக் கேட்டாலும் தருவேன் என்று சொல்லி, கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார்.

"உசிர் வேண்டாம்!" என்று கொட்டகையின் மறுகோடியிலிருந்து சத்தம் வந்தது. டாக்டர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். "கார் மதி!"

விருந்தினர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. கொழுந்து மூட்டையோடு நின்ற அத்தனை பெண்களும் அவரையே பார்த்தார்கள். மைக்கும் அணையாமல் இருந்தது. அவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு டிரைவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

தாய் தயங்கினாள். அவள் மூட்டை இன்னும் எடை போடவில்லை. "இவளோடத மொதல்ல நிறும்" என்று சூப்பர்வைசரிடம் சொன்னார் டாக்டர். அவர் மறுபேச்சு பேசாமல் நிறுத்தார். புருஷனிடம் தான் சொல்லிவிடுவதாக ஆயா சொன்னாள். "சாப்பாடு! இவ காலம்பறலேந்து பட்டினி. பொட்டலத்த எடுத்துண்டு நீயும் ஏறு" என்று உத்தரவு வந்தது. நான் ஏறினேன்.

வளைவு வளைவாகக் கார் இறங்கியது. டாக்டர் குழந்தையின் முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அப்படி வைத்தால் மூச்சு சுலபமாக வருமாம். அதற்காகத்தான் அவள் ஓடும்போது குத்தவைத்தாளாம். தாய் சோற்றைத் தொடவில்லை. வெகுநேரம் கழித்து, "டானிக் நான் குடுத்த அளவு தப்பாயிருச்சோ டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

டானிக் என்ற வார்த்தையைக் கேட்டால் டாக்டர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். நான் கதவுப் பக்கம் ஒண்டிக்கொண்டேன்.

"நீ ஒரு தப்பும் பண்ணலே" என்றார் டாக்டர். "கேட்டியா? ஒரு தப்பும் பண்ணலே. நீ சாப்பிடு."

அந்தக் குரல் அவரிடம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

விருந்தினர் அன்று வேனில் டானிக் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து இறங்கினார் என்றும், ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தார் என்றும், கடைசி வளைவில் பொன்னாடையும் தப்பவில்லை என்றும் நண்பர்கள் பிற்பாடு சொன்னார்கள். எனக்குத் துளிக்கூட வருத்தம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள். இதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியும் குறுகல். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும். இலவசமாகச் செய்ய அரசாங்கத் திட்டம் இருந்தது. அது இருப்பதை லயத்தில் யாரிடமும் யாரும் போய்ச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதற்காக டாக்டர் சண்டை போடாத கவுன்ட்டர் அந்தக் கட்டடத்தில் இல்லை. ஆபரேஷன் நடந்த அன்று மட்டும் அவர் யாரிடமும் சண்டை போடவில்லை. தாயின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பேச்சி பிழைத்தாள்.

அறக்கட்டளை கூடி, ஒழுங்கு நடவடிக்கையாக, டாக்டரின் சேவைக்கு நன்றி தெரிவித்தது. அதாவது இனி வரவேண்டாம். நான் எழுந்து கேட்கிற கேள்வியெல்லாம் கேட்டேன். என் பொறுப்பு சாப்பாடு மட்டும்தான் என்று நினைவூட்டினார்கள்.

அடுத்த வருஷம் பேனர் வந்தது. அதில் பத்தடி அகலத்துக்குப் பேச்சியின் முகம்! நாங்கள் மீட்ட இதயம் என்று கொட்டை எழுத்து! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அவளைக் கீழே கொண்டுபோக விடமாட்டேன்னு நின்னது நீங்கதானே?" என்று செயலாளரை நேருக்கு நேர் கேட்டேன். "அது ப்ராசஸ் இஷ்யூ. அவுட்கம் நம்மளோடது" என்றார். முகாம் என்றைக்கு என்று பார்த்தேன். சனிக்கிழமை. என்னுடைய அடையாள அட்டையை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் விசில் டாக்டர் பஸ் ஏறி அந்த லயங்களுக்குப் போகிறார். பின்னால் தராசைச் சுமந்துகொண்டு போகிறவன் நான்.

அந்தப் பேனர் கட்டிய அதே வாரம் பேச்சிக்கு மறுபரிசோதனை இருந்தது. நானும் டாக்டரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். நீளமான வராந்தா. தாயின் கையை உதறிவிட்டுப் பேச்சி ஓடினாள். ஓடினாள், ஓடினாள், வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் உட்காராமல் ஓடினாள். அங்கே சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி எங்களை நோக்கி ஓடிவந்தாள். "இவள வச்சுக்கிட்டு முடியல டாக்டரம்மா, ஒரு எடத்துல இருக்க மாட்டேங்கா" என்று தாய் குறைப்பட்டுக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

காவலாளி அதட்டினார்: "ஏய், ஓடாதே! இது ஆஸ்பத்திரி!"

"அவ ஓடுவா!" என்று டாக்டர் எழுந்தார். "அவ ஓடறதுக்குத்தான் இந்த ஆஸ்பத்திரியே கட்டியிருக்கு. நீர் யார் தடுக்க?"

வாழ்க்கையில் முதல்முறையாக நானும் சேர்ந்து சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. ஒரு நர்ஸ் வந்தார், பிறகு பெரிய நர்ஸ் வந்தார். கடைசியில் என்னையும் விசில் டாக்டரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்தினார்கள். வாசல்படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். உள்ளேயிருந்து அந்தச் சின்னக் காலடிச் சத்தம் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த மனுஷியோடு சேர்த்து என்னையும் துரத்தினார்களே, அதைவிடப் பெரிய மரியாதை எனக்கு இதுவரை எங்கேயும் கிடைத்ததில்லை.